நீல வானத்தில் நாய்ஸ்: கேமரா செட்டிங்கிலிருந்து பிரிண்ட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நல்ல காலை வெயில். படத்தைப் பிரகாசமாக்கும் அளவான ஐஎஸ்ஓ வெறும் 100. கணினியில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால் கோபுரம் சுத்தமாக இருக்கிறது, மரம் சுத்தமாக இருக்கிறது, வானத்தில் மட்டும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள். "இருட்டில் எடுத்தால்தானே நாய்ஸ் வரும், பட்டப்பகலில் எப்படி?" என்று புதிதாக கேமரா வாங்கியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கேமராவில் ஏதோ கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

கோளாறு எதுவும் இல்லை. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் நீல வானம், சென்சாரின் ஒரு பகுதிக்கு ஏறக்குறைய இருட்டு. அந்தப் பகுதிக்கு எடுக்கும்போதே போதுமான வெளிச்சம் கொடுக்க வேண்டும். அப்புறம் எடிட்டிங்கில் நாமே அதைக் கிளறிவிடக் கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு விஷயங்களைப் பற்றித்தான்.

உதாரணத்துக்குத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். 200 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் கல் விமானம், அதன் பின்னால் வெறும் வானம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, காற்றில் தூசு அடங்கிய ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அந்த நீலம் மிக ஆழமாக இருக்கும். படம் எடுக்க ஆசைப்படும் நேரமும் அதுதான், நாய்ஸ் அதிகம் தெரியும் நேரமும் அதுதான்.

முதலில், அது நாய்ஸ்தானா?

வானத்தில் தெரியும் எல்லாமே நாய்ஸ் இல்லை. தவறாக நினைத்து நாய்ஸ் ரிடக்ஷனை ஏற்றினால் படம் மொழுமொழுவென்று ஆகும், பிரச்சினை அப்படியே இருக்கும். படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள்.

மங்கலான சாம்பல் வட்டங்கள் இருந்து, அடுத்தடுத்த படங்களிலும் அதே இடத்தில் தெரிந்தால், அது சென்சாரில் ஒட்டிய தூசு. எஃப்/16 போல அப்பர்ச்சரைச் சிறிதாக்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதற்கு ஊதும் பம்பும் ஹீலிங் டூலும்தான் வைத்தியம்.

சிறுசிறு சதுரக் கட்டங்களாகத் தெரிந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை. ஜேபெக் ஒரு படத்தை 8-க்கு 8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. கோப்பு அளவைக் குறைத்துச் சேமித்தால் வானம் போன்ற வழவழப்பான இடத்தில் அந்தக் கட்டங்களின் எல்லை தெரிந்துவிடும்.

வெளிர் நீலத்திலிருந்து அடர் நீலத்துக்குப் போகும் இடத்தில் படிப்படியாகப் பட்டைகள் விழுந்தால் அது பேண்டிங். நிறப் படிகள் போதாததால் வருவது. இது நாய்ஸுக்கு நேர் எதிரானது. நாய்ஸை அதிகமாகத் துடைத்தால் பல சமயம் பேண்டிங் வந்து நிற்கும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவை எதுவும் இல்லாமல், ஒழுங்கற்ற சிறு புள்ளிகள் வானம் முழுக்கப் பரவி, ஒவ்வொரு படத்திலும் இடம் மாறினால், அதுதான் நாய்ஸ். வெளிச்ச வேறுபாடாக மட்டும் தெரிந்தால் லூமினன்ஸ் நாய்ஸ். ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கலர் நாய்ஸ். வானத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

வானத்துக்கு மட்டும் ஏன்?

வெளிச்சம் என்பது துகள்துகளாக வருவது. ஒரு பிக்ஸலில் சராசரியாக 100 ஒளித்துகள் விழ வேண்டிய இடத்தில், ஒன்றில் 92 விழும், பக்கத்தில் 109 விழும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 100 துகளுக்கு 10, அதாவது 10 சதவீதம். 10,000 துகளுக்கு 100, அதாவது 1 சதவீதம்தான். துகள்கள் கூடக்கூட ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிவிடும். நாய்ஸின் பெரும்பகுதி இதுதான். ஐஎஸ்ஓ அதை உண்டாக்குவதில்லை. வெளிச்சம் குறைவாக விழுந்ததை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இனி நிறம். நம் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது பேயர் சென்சார். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வடிவமைத்து, 1976-இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு. நான்கு பிக்ஸல்களில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் மட்டும் பார்க்கும். வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம், காற்று குறுகிய அலைநீள ஒளியை அதிகம் சிதறடிப்பது. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட 4 மடங்குக்கும் மேல் சிதறும். அதாவது வானத்திலிருந்து வரும் ஒளியில் சிவப்பு மிகக் குறைவு. சிவப்புப் பிக்ஸல்களோ நான்கில் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் படத்தில் அடர் நீல வானத்தின் ஒரு புள்ளியை ஐட்ராப்பர் வைத்து அளந்தால் சிவப்பு 60, பச்சை 110, நீலம் 180 என்று காட்டக்கூடும். பார்க்க 1-க்கு 3 போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்கள் காமா வளைவில் மடக்கப்பட்டவை. அதைப் பிரித்து உண்மையான ஒளி அளவுக்குக் கொண்டுவந்தால் சிவப்பு ஏறத்தாழ 4.5 சதவீதம், பச்சை 16 சதவீதம், நீலம் 46 சதவீதம். நீலத்தில் பத்தில் ஒரு பங்குதான் சிவப்பு! அதற்கு மேல், பகல் ஒயிட் பேலன்ஸில் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சரிக்கட்டும் செட்டிங்) பல கேமராக்கள் சிவப்பு சேனலை, அதாவது சிவப்புப் பிக்ஸல்களின் பதிவை, சுமார் 2 மடங்கு பெருக்கித்தான் இந்த எண்ணையே தருகின்றன. ஏற்கெனவே பலவீனமான சேனல், அதன் மேல் பெருக்கலும் சேர்ந்தால் புள்ளிகள் தெரியாமல் எப்படி இருக்கும்?

பலர் நீல சேனல்தான் குற்றவாளி என்று நினைக்கிறார்கள். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு அது சரி. பகல் வானத்தில் நீலம்தான் மூன்றிலும் சுத்தமான சேனல். நம்பிக்கை இல்லையென்றால் ஃபோட்டோஷாப்பில் சேனல்ஸ் பேனலைத் திறந்து சிவப்பை மட்டும் தட்டிப் பாருங்கள். அப்புறம் நீலத்தைத் தட்டிப் பாருங்கள். இந்த ஒரு சோதனையை எல்லாரும் ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதன் பிறகு எந்த ஸ்லைடரை எப்போது தொடுவது என்பதில் தயக்கமே இருக்காது.

இன்னொரு காரணம் நம் கண். கல்லிலும் இலையிலும் இயல்பாகவே சொரசொரப்பு இருப்பதால் அதே அளவு நாய்ஸ் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வானத்தில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் எடுத்த படங்களில் வானம் இன்னும் புள்ளியாக வருவதற்கும் முன்பு சொன்ன ஒளிக் குறைவுதான் காரணம். மேலே காற்று மெல்லியது, சிதறல் குறைவு, நீலம் அடர்த்தி. அடர்த்தியான நீலம் என்றால் குறைந்த ஒளி என்று பொருள்.

கேமராவில் சரிபார்க்க வேண்டியவை

ராவில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. அதோடு ஜேபெக் எடுக்கும்போது கேமராவே ஷார்ப்பன் செய்து, நாய்ஸைத் துடைத்து, சுருக்கியும் கொடுத்துவிடுகிறது. வானத்தில் அந்த மூன்றின் தடயமும் ஒன்றாகப் படிந்துவிடும், பிரித்தெடுக்க முடியாது.

ஐஎஸ்ஓவை அடிப்படை அளவில் வையுங்கள். பெரும்பாலான கேமராக்களில் 100, சிலவற்றில் 64, 160 அல்லது 200. வெயிலில் எஃப்/16-க்கு ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100 என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் கணக்கு. எஃப்/8 என்றால் 1/400. கையில் பிடித்து எடுக்க இது தாராளம். பகல் வெயிலில் ஒரு கட்டடத்தை எடுக்க 400 தேவையே இல்லை. ஆனாலும் பலரின் படத்தில் 400, 800 என்று இருக்கும். முந்தின நாள் மாலை கல்யாண மண்டபத்தில் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, குறைந்தபட்ச ஷட்டரையும் கூட்டி வைத்தது அப்படியே இருந்திருக்கும்.

அடுத்தது யாரும் அதிகம் கவனிக்காத இடம். கேமராக்களில் ஹைலைட்டை, அதாவது படத்தின் மிக வெளிச்சமான பகுதியைக் காப்பாற்றும் வசதிகள் இருக்கின்றன: கேனனில் ஹைலைட் டோன் பிரையாரிட்டி, நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், ஃபுஜிஃபில்மில் டிஆர்200, டிஆர்400. இவை சென்சாருக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு நிழல்களைத் தூக்கிவிடுபவை. கேனனின் அந்த வசதியைப் போட்டால் ஐஎஸ்ஓ 200-க்குக் கீழே போகவே விடாது. டிஆர்400-க்கு அடிப்படை ஐஎஸ்ஓவைப் போல நான்கு மடங்கு வேண்டும். மேகமே இல்லாத நீல வானத்தில் காப்பாற்ற எந்த ஹைலைட்டும் இல்லை. அணைத்துவிடுங்கள்.

பிக்சர் ஸ்டைலை விவிட், லேண்ட்ஸ்கேப் என்று வைக்காமல் நியூட்ரலில் வையுங்கள். ராவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் கேமராவில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) அந்த ஸ்டைலில் செய்த ஜேபெக்கிலிருந்து வருவது. விவிட் போட்டால் நீலம் சீக்கிரமே வெடித்துவிட்டதாக, அதாவது உச்சத்தைத் தொட்டு விவரம் இழந்துவிட்டதாகக் காட்டும். நீங்கள் பயந்து வெளிச்சத்தைக் குறைப்பீர்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் யார் அடிபடுவது? சிவப்பு சேனல்தான்.

எக்ஸ்போஷர்: இங்கேதான் முக்கால்வாசி வேலை

தெளிந்த நீல வானம், சூரியனிலிருந்து தள்ளிய பகுதியில், ஏறக்குறைய நடுத்தர டோன். அதை ஸ்பாட் மீட்டரில் அளந்து அப்படியே எடுத்தால் ஹிஸ்டோகிராமின் நடுவில் வந்து உட்காரும். வலது பக்கம் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்கு) அளவுக்கு இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் முதல் அறிவுரை. பிளஸ் 1 காம்பன்சேஷனில் எடுத்தால் சென்சாருக்கு இரண்டு மடங்கு ஒளி போகும். பிறகு கணினியில் ஒரு ஸ்டாப் கீழே இறக்கினால் வானம் அதே நீலத்துக்கு வந்துவிடும், ஆனால் நாய்ஸ் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருக்கும். ஐஎஸ்ஓ அடிப்படையிலேயே இருக்க வேண்டும். கூடுதல் ஒளி ஷட்டரிலிருந்தோ அப்பர்ச்சரிலிருந்தோ வர வேண்டும். ஐஎஸ்ஓவைக் கூட்டிப் பிரகாசமாக்கினால் இந்தப் பலன் இல்லை.

எவ்வளவு தூரம் கூட்டலாம் என்பதை வானம் தீர்மானிப்பதில்லை, சட்டகத்தில் இருக்கும் வெள்ளைப் பொருள் தீர்மானிக்கும். தஞ்சையில் கல் பழுப்பு நிறம், அதுவும் நடுத்தர டோன்தான். காலை வெயில் கிழக்கிலிருந்து நேராக விழும்போது கல்லும் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும், தாராளமாக ஒரு ஸ்டாப் கூட்டலாம். வேளாங்கண்ணி பேராலயம் அப்படியில்லை. வெள்ளைச் சுவரில் வெயில் பட்டால் அது முதலில் வெடிக்கும். அங்கே மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டவே யோசிக்க வேண்டியிருக்கும். வெண்மேகம் இருந்தாலும் இதே கதைதான்.

ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போட்டு மூன்று சேனலையும் தனித்தனியாகப் பாருங்கள். வானத்தில் முதலில் வலது சுவரைத் தொடுவது நீலம். அது வெடித்துவிட்டால் பின்னால் வெளிச்சத்தை இறக்கும்போது வானம் பசுமை கலந்த ஒரு மாதிரியான நிறத்துக்குப் போகும், திரும்ப வராது. நீலம் சுவரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, மாலையில் போய்விட்டீர்கள், விமானத்துக்குப் பின்னால் சூரியன். கிழக்கு வாசல் பக்கமிருந்து பார்த்தால் கல் நிழலில், வானம் பிரகாசம். பிராக்கெட்டிங் செய்து, அதாவது வெளிச்சத்தை மாற்றி மாற்றி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்க்கலாம். சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வானத்தை எப்போதும் இருண்ட படத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. நடுப் படத்திலேயே வானம் வெடிக்காமல் இருந்தால் அதை எடுங்கள். இருண்ட படத்தின் வானத்தில் நான்கில் ஒரு பங்கு ஒளிதான் இருக்கிறது, நாய்ஸ் இரண்டு மடங்கு.

பறவை எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வேடந்தாங்கலில் பறக்கும் நாரையை 1/2000, எஃப்/6.3-இல் எடுத்தால் நல்ல வெயிலிலும் ஐஎஸ்ஓ 320 அல்லது 400 ஆகிவிடும். அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். அசைவில் மங்கிய பறவையைவிடப் புள்ளி வானம் மேல். அங்கே பெரிய தவறு நடப்பது பிறகு: வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்து மீட்டர் குறைத்து எடுத்துவிடும், பறவையின் வயிறு கறுப்பாக இருக்கும், படம் முழுவதையும் இரண்டு ஸ்டாப் தூக்குவோம். பறவையை மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, தூக்குங்கள். வானத்தை அதன் இடத்திலேயே விடுங்கள்.

போலரைசர் போடலாமா?

லென்ஸின் முன்னால் மாட்டி, பளபளப்பைக் குறைத்து வானத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர் இது. போடலாம், தெரிந்து போடுங்கள். சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய வானத்தில் அது மிக அதிகமாக வேலை செய்யும். ஒன்றரை ஸ்டாப் ஒளியை அதுவே தின்றுவிடும், வானத்தின் அந்தப் பகுதியில் அதற்கு மேலும் குறையும். மீட்டர் கோபுரத்தைப் பார்த்து ஷட்டரைச் சரிசெய்துகொண்டாலும், வானம் கோபுரத்தைவிட ஒரு ஸ்டாப் இருண்டுதான் பதிவாகும். அந்த அடர் நீலத்தை அப்படியே வைத்துக்கொண்டால் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. போலரைசரில் இருட்டாக்கிவிட்டு, கணினியில் "கொஞ்சம் தூக்கலாமே" என்று தூக்கினால் புள்ளிகள் குபுகுபுவென்று கிளம்பும். 24 மில்லிமீட்டருக்கும் அகலமான லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகத் திட்டுவிழும், அதைச் சமன்செய்யத் தூக்கும்போதும் இதேதான். வெறும் வானத்துக்காக என்றால் நான் போலரைசரைப் பையிலேயே வைத்துவிடுவேன். குளத்து நீரின் பளபளப்பைக் குறைக்க வேண்டும், இலைகளின் மினுக்கத்தை நீக்க வேண்டும் என்றால் எடுப்பேன்.

அசையாத காட்சிக்கு: பல படங்களை ஒன்றாக்குவது

மேகம் இல்லாத வானம், அசையாத கோபுரம் என்றால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஒரே செட்டிங்கில் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்துச் சராசரி எடுத்தால், நாய்ஸ் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். 4 படம் என்றால் பாதி, 16 படம் என்றால் கால். விவரம் எதுவும் இழக்காமல், எந்த மென்பொருளின் ஊகமும் இல்லாமல் கிடைக்கும் சுத்தம் இது. கையில் பிடித்தே எடுக்கலாம்.

ஃபோட்டோஷாப்பில் ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ், அதில் லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டாக். படங்களைத் தேர்ந்தெடுத்து, தானாக அலைன் செய்யும் பெட்டியையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். படம் வந்ததும் லேயர் மெனு, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ், ஸ்டாக் மோட், மீன். நடுவில் புறா பறந்திருந்தால் மீனுக்குப் பதில் மீடியன் போடுங்கள், புறா மறைந்துவிடும். வெறும் வானத்தை மட்டும் வைத்து அலைன் செய்ய முடியாது. கோபுரமோ சுவரோ ஏதாவது ஒன்று சட்டகத்தில் இருக்க வேண்டும்.

எடிட்டிங்கில் வரிசை முக்கியம்

லைட்ரூமை வைத்துச் சொல்கிறேன். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், அவற்றிலும் இதே வரிசைதான். டார்க்டேபிளில் டீநாய்ஸ் ப்ரொஃபைல்ட் என்ற மாட்யூல் உங்கள் கேமரா மாடலின் நாய்ஸ் அளவைத் தெரிந்து வைத்துக்கொண்டு வேலை செய்யும், மிக நல்ல கருவி.

முதலில் ஒயிட் பேலன்ஸ். படத்தை மிகவும் மஞ்சளாக, வெதுவெதுப்பாக இழுத்தால் சிவப்பின் பெருக்கல் கூடும், வானத்தில் புள்ளியும் கூடும். கல் பொன்னிறமாகத் தெரிய வேண்டும் என்றால் கல்லுக்கு மட்டும் மாஸ்க் போட்டு வெப்பத்தைக் கூட்டுங்கள்.

அடுத்து எக்ஸ்போஷர். கூட்டி எடுத்ததை இங்கே இறக்குங்கள்.

மூன்றாவது, ஷார்ப்பனிங்கை வானத்திலிருந்து விலக்குவது. இது நாய்ஸ் ரிடக்ஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியது. லைட்ரூம் ராவுக்குத் தானாகவே 40 ஷார்ப்பனிங் போடுகிறது, வானத்துக்கும் சேர்த்து. ஷார்ப்பனிங்குக்கு நாய்ஸ் புள்ளியும் ஒரு விவரம்தான், அதையும் கூர்மையாக்கிவிடும். ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்துங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கறுப்பு என்றால் அங்கே ஷார்ப்பனிங் இல்லை. வானம் முழுக்கக் கறுப்பாகும் வரை, பெரும்பாலும் 70 பக்கம், இழுத்து விடுங்கள். பாதிப் பேருக்கு இந்த ஒரு ஸ்லைடரிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

நான்காவது, நாய்ஸ் ரிடக்ஷன். கலர் ஸ்லைடர் 25-இல் இருக்கும். திட்டுகள் தெரிந்தால் 40 வரை ஏற்றலாம், அதனுடன் ஸ்மூத்னஸையும். லூமினன்ஸை 10, 15 என்று சிறிதாக. 2023-இல் லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸ் ராவில் நேரடியாக வேலை செய்வதால் வானத்தைப் பிரமாதமாகச் சுத்தம் செய்கிறது. ஆனால் அடிப்படை ஐஎஸ்ஓவில் எடுத்த பகல் படத்துக்கு அதை முழு வேகத்தில் விட வேண்டியதில்லை. 20, 30 போதும். அதிகமாகப் போனால் சிற்பங்களின் கல் மேற்பரப்பு பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது. ஆயிரம் வருடக் கல்லின் சொரசொரப்பை வானத்துக்காகப் பலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஐந்தாவது, வானத்துக்குத் தனி மாஸ்க். 2021 முதல் லைட்ரூமில் செலக்ட் ஸ்கை இருக்கிறது, ஒரே தட்டலில் வானத்தைப் பிடித்துவிடும். அதில் நாய்ஸ் ஸ்லைடரை 30 பக்கம் வையுங்கள், டெக்ஸ்சரை மைனஸ் 20 பக்கம். ஷார்ப்னஸை மைனஸ் 50 வரை இறக்கினால் அங்கே போட்ட ஷார்ப்பனிங் நீங்கும். அதற்குக் கீழே போனால் மங்கலாக்கத் தொடங்கும். முடித்ததும் கலசத்தின் விளிம்பையும் மர இலைகளின் இடுக்கையும் 100 சதவீதத்தில் பாருங்கள். வானம் கண்ணாடியாகவும் இலை இடுக்கில் மட்டும் புள்ளியாகவும் இருந்தால் அது நாய்ஸைவிட அசிங்கமாகத் தெரியும். அப்போது மாஸ்கின் அளவைப் பாதியாக்குங்கள்.

வானத்தைக் கெடுக்கும் ஸ்லைடர்கள்

ஹெச்எஸ்எல் பேனலில் நீலத்தின் லூமினன்ஸை மைனஸ் 50, 60 என்று இழுத்து வானத்தை அடர்த்தியாக்குவது எல்லாரும் செய்வது. உடனே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே நடப்பது என்ன? அந்த ஸ்லைடர் ஒவ்வொரு பிக்ஸலாகப் பார்த்து "இது எவ்வளவு நீலம்?" என்று கேட்கிறது. நாய்ஸால் சில பிக்ஸல்கள் கொஞ்சம் ஊதாவாகவும் சில கொஞ்சம் பசுமையாகவும் இருக்கின்றன. முழு நீலமானவை அதிகம் இருளும், விலகியவை குறைவாக இருளும். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நிற வேறுபாடு இப்போது வெளிச்ச வேறுபாடாக மாறிவிட்டது. வானத்தை இருட்டாக்க வேண்டுமென்றால் வான மாஸ்கில் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்குங்கள். எல்லாப் பிக்ஸலும் ஒரே விகிதத்தில் இறங்கும், நாய்ஸும் சேர்ந்து இறங்கும்.

டீஹேஸ், கிளாரிட்டி இரண்டும் சிறு வேறுபாட்டைப் பெரிதாக்கும் கருவிகள். வானத்தில் இருக்கும் ஒரே சிறு வேறுபாடு நாய்ஸ்தான். கோபுரத்துக்கு வேண்டுமென்றால் வான மாஸ்கை இன்வர்ட் செய்து அங்கே மட்டும் போடுங்கள்.

கறுப்பு வெள்ளை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஃபிலிமில் சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுப்பாக்கிய தோற்றம் பலருக்குப் பிடிக்கும், எனக்கும்தான். டிஜிட்டலில் அதைச் செய்ய நீல ஸ்லைடரை அடியோடு இறக்குவார்கள், அல்லது சேனல் மிக்ஸரில் சிவப்பை மட்டும் வைப்பார்கள். அப்படிச் செய்தால் மூன்றில் மிகப் பலவீனமான சேனலை மட்டும் வைத்து வானத்தை வரைகிறீர்கள். புள்ளி மழையாகக் கொட்டும். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்று முன்பே தெரிந்தால் எக்ஸ்போஷரை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி, முடிந்தால் பல படங்களாக எடுத்துச் சராசரி செய்துவிடுங்கள்.

முழுக்கத் துடைக்க வேண்டாம்

வானத்தின் ஒரு ஓரத்தில் நீல மதிப்பு 150, இன்னொரு ஓரத்தில் 180 என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் ஜேபெக்கில் நடுவில் 30 படிகள்தான் இருக்கின்றன. 4,000 பிக்ஸல் நீளத்துக்கு 30 படி என்றால் ஒவ்வொரு படியும் 130 பிக்ஸல் அகலம். துளி நாய்ஸும் இல்லாத வானத்தில் அந்தப் படிகள் பட்டைபட்டையாகத் தெரியும். கொஞ்சம் நாய்ஸ் இருந்தால் படியின் விளிம்பு கலைந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் மெல்லிய நாய்ஸை விட்டுவையுங்கள். அதிகமாகத் துடைத்துவிட்டீர்கள் என்றால் எஃபெக்ட்ஸ் பேனலில் கிரெயினை 8, 10 அளவில் சேருங்கள். ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பும்போது 16 பிட்டில் அனுப்புங்கள். 8 பிட்டாக்குவது கடைசி வேலை.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு

சென்சார் சிறியது, ஆகவே ஒளி குறைவு. ஆனால் ஃபோன் ஒவ்வொரு படத்துக்கும் பல பிரேம்களைச் சேர்த்துத்தான் கொடுக்கிறது என்பதால் நேராக வரும் வானம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். மெயின் லென்ஸில் எடுங்கள். அல்ட்ராவைடிலும் ஸூமிலும் பொதுவாகச் சென்சார் இன்னும் சிறியது. வானம் கெடுவது ஆப்பில்தான். ஸ்னாப்சீடில் ஹெச்டிஆர் ஸ்கேப்பும், டீட்டெய்ல்ஸில் உள்ள ஸ்ட்ரக்சரும் வானத்தைச் சொரசொரப்பாக்குவதில் முதலிடம். போட்டே ஆக வேண்டும் என்றால், அதற்குப் பிறகு செலக்டிவ் டூலை எடுத்து வானத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கே ஸ்ட்ரக்சரை மைனஸில் இறக்குங்கள்.

அனுப்புவதும் அச்சடிப்பதும்

24 மெகாபிக்ஸல் படம் 6,000 பிக்ஸல் அகலம். இன்ஸ்டாகிராமுக்கு 1,080 ஆகச் சுருக்கும்போது அகலத்தில் ஐந்தாறு, உயரத்தில் ஐந்தாறு என்று சுமார் 30 பிக்ஸல்கள் சேர்ந்து ஒன்றாவதால் நாய்ஸ் தானாகவே சராசரியாகிவிடும். அதற்கென்று தனியாக உழைக்கத் தேவையில்லை. ஏற்றுமதி செய்யும்போது அவுட்புட் ஷார்ப்பனிங்கை லோ-வில் வையுங்கள், தரம் 80-க்குக் கீழே வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கத்தில் வானம் கட்டம்கட்டமாகும். லேபுக்கோ வாடிக்கையாளருக்கோ அனுப்புவதை டாக்குமென்டாக அனுப்புங்கள்.

12-க்கு 18 அங்குல பிரிண்ட்டில் அந்த 6,000 பிக்ஸல் ஓர் அங்குலத்துக்கு 333 என்று வரும். திரையில் 100 சதவீதத்தில் உங்களைத் தொந்தரவு செய்த புள்ளி அங்கே கை நீட்டும் தூரத்தில்கூடத் தெரியாது. பெரிய அளவு போடுவதாக இருந்தால், வானமும் கோபுர விளிம்பும் சேர்ந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி, இறுதி அளவிலேயே ஒரு சிறு தாளில் அச்சடித்துத் தரச் சொல்லி லேபில் கேளுங்கள். குளோஸியில் ஒன்று, மேட்டில் ஒன்று. குளோஸியில் புள்ளி கூடுதலாகத் தெரியும், மேட் அதை விழுங்கிக்கொள்ளும். அந்தத் துண்டைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு, எந்தத் தாள் என்று முடிவு செய்யுங்கள்.